பழைய படகில் இறுகிப்போன ஃபிட்டிங்குகளைக் கழற்றுவது எப்படி?

பழைய படகொன்றைப் பராமரிக்கத் தொடங்குபவரைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் பெரிய பழுது அன்று. ஒரு சிறிய பழுதைச் சரிசெய்யக் கழற்ற வேண்டிய நட்டோ திருகோ அசைய மறுப்பதுதான். பம்பின் ரப்பர் இம்பெல்லரை (நீரைத் தள்ளும் சுழல்சக்கரத்தை) மாற்றப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பம்பின் மூடியைப் பிடித்திருக்கும் சிறு பித்தளைத் திருகுகளில் ஒன்று தலை தேய்ந்து நின்றுவிட்டால் ஒரு நாளே போய்விடும். இத்தகைய இடத்தில் பெரிய ஸ்பேனரைத் தேடி ஓடுவதுதான் புதியவர்களின் இயல்பு. இறுகிய இணைப்பு உடைவதும் அப்போதுதான்.

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். இந்த இணைப்பை எது பிடித்து வைத்திருக்கிறது என்பது முதல் கேள்வி. சேர்ந்திருக்கும் இரண்டு பாகங்களில் எதைக் காப்பாற்ற வேண்டும், எதைப் பலி கொடுக்கலாம் என்பது இரண்டாவது. அலுமினியப் பாய்மரத்தில் மாட்டிக்கொண்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதியது வாங்கலாம். பாய்மரத்தில் உள்ள மரை போனால் அதைச் சரிசெய்வது பெரிய வேலை. மாறாக, இப்போது யாரும் வார்க்காத பழைய வெண்கல ஃபிட்டிங் ஒன்றை இரும்புப் போல்ட் பிடித்திருந்தால், போல்ட் எத்தனை துண்டாக வந்தாலும் கவலையில்லை. புரொப்பெல்லரும் அதன் தண்டும் போல இரண்டுமே வேண்டியவையாக இருக்கும் இடங்களும் உண்டு. அங்கே அவசரத்துக்கு இடமே கிடையாது. இந்த முடிவை முதலிலேயே எடுத்துவிட்டால், பிறகு எந்தக் கட்டத்தில் முயற்சியை நிறுத்திவிட்டு வெட்டத் தொடங்குவது என்ற தடுமாற்றம் வராது.

எதனால் பிடித்திருக்கிறது என்று கண்டறிதல்

செந்நிறத் துரு தெரிந்தால் அது இரும்பு அல்லது சாதாரண எஃகு. துருவானது தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், மரைகளுக்கு இடையில் இருந்த நூலிழை இடைவெளி முழுவதும் அடைபட்டு, நட்டு உள்ளிருந்து நெருக்கப்படுகிறது. பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் இதுவே ஓரளவு எளிதில் மசியும் வகை. ஊடுருவும் எண்ணெய், தட்டுதல், வெப்பம் ஆகிய மூன்றுக்கும் இது இணங்கும்.

வெள்ளைப் பொடி தெரிந்தால் நிலைமை வேறு. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, உப்புநீர் இடையே புகுந்தால் அங்கே ஒரு சிறிய மின்கலமே உருவாகிவிடுகிறது. அதில் அரிபடுவது எப்போதும் அலுமினியமே. அரிப்பில் உருவாகும் அலுமினிய ஆக்சைடும் ஹைட்ராக்சைடும் பருத்து, கடினமான வெள்ளைச் சுண்ணாம்புபோல் மரைகளில் அடைந்துகொள்கின்றன. பாய்மரம், வெளியே மாட்டும் எஞ்சினின் தாங்கி, சன்னல் சட்டம் ஆகியவற்றில் இதையே அதிகம் காணலாம். இங்கே எண்ணெய் மட்டும் பெரிதாகப் பயன் தராது. கொதிநீர், வினிகர், வெப்பம், அதிர்வு ஆகியவை சேர்ந்துதான் வேலை செய்யும்.

வெண்கலத்திலும் பித்தளையிலும் படியும் பச்சைக் களிம்பு பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பித்தளையைச் சுரண்டிப் பார்க்கும்போது மஞ்சளுக்குப் பதிலாகச் செம்பின் இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால், உலோகத்திலிருந்த துத்தநாகம் கடல்நீரில் கரைந்துபோய், பஞ்சுபோன்ற செம்புக்கூடு மட்டுமே எஞ்சியிருக்கிறது என்று பொருள். அத்தகைய பாகத்தைக் காப்பாற்ற முயல வேண்டாம். கழன்று வந்தாலும் அதை மீண்டும் பொருத்தக் கூடாது.

துருவும் பொடியும் எதுவுமின்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டில் சிக்கிக்கொள்வதும் உண்டு. இது அரிப்பால் வருவதன்று. திருகும்போது ஏற்படும் அழுத்தத்தில் உலோகத்தின் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம் உரசிப் போய், இரு பக்க உலோகமும் நேரடியாக ஒட்டிக்கொள்கின்றன. சில சுற்று சுலபமாக வந்த நட்டு திடீரென இறுகத் தொடங்கினால் இதுதான் நடக்கிறது என்று கொள்ளலாம். அந்த நொடியிலேயே நிறுத்த வேண்டும். இன்னும் கால் சுற்று திருப்பினால் வெட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

இவை போக, உலோகமே காரணமாக இல்லாத இறுக்கங்களும் இருக்கின்றன. போல்ட்டுகள் அனைத்தும் கழன்ற பிறகும் ஃபிட்டிங் தளத்தை விட்டு எழும்பவில்லை என்றால், கீழே பூசிய பாலியூரித்தேன் பசை பிடித்திருக்கிறது. வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை), கப்பி, தளத்திலுள்ள சிறு தண்டவாளத்தில் பாய்க்கயிற்றைத் தாங்கி ஓடும் வண்டி முதலியவை அசைய மறுத்தால், காய்ந்து மெழுகான கிரீஸும் உப்புப் படிகமும்தான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு.

தொடங்குவதற்கு முன்

நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள எதையும் படகு நீரில் மிதக்கும்போது வலுவாக அசைக்கக் கூடாது. படகின் உடலில் கடல்நீர் வந்துபோகும் துளையை மூடித்திறக்கும் கடல்நீர் வால்வின் கழுத்து முறிந்தால் உள்ளே வரும் நீர் உங்கள் யோசனைக்குக் காத்திருக்காது. படகைக் கரையேற்றும் வரை அந்த வேலையைத் தள்ளிவைப்பதே முறை. வால்வு முறிந்தால் துளையை அடைக்க, கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றை ஒவ்வொரு வால்வின் அருகிலும் கட்டித் தொங்கவிடுவது எப்போதும் நல்லது.

பெட்ரோல் ஆவியும் சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனமானவை என்பதால் படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும். ஆகவே வெப்பமோ தீப்பொறியோ வரக்கூடிய வேலை எதுவானாலும் முதலில் அடிப்பகுதியைக் காற்றோட்டமாக்கி, மின்கல இணைப்பைத் துண்டித்து, தீயணைப்பானைக் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த பாகத்தை ஒருபோதும் சூடாக்கக் கூடாது. அதிலிருந்து நச்சு வாயு உண்டாகும். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பைச் சூடாக்கினால் எழும் வெள்ளைப் புகையும் சுவாசிக்கத் தக்கதன்று.

அடுத்து, அந்த இணைப்பு உண்மையிலேயே இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அசையவில்லை என்று சொல்லப்படும் இணைப்புகளில் பல, வேண்டுமென்றே பூட்டி வைக்கப்பட்டவை. பல அடுக்குப் பெயின்ட்டுக்கு அடியில் ஸ்பிளிட் பின், பூட்டு நட்டு, பக்கவாட்டில் புதைந்த சிறு செட் ஸ்க்ரூ, மடித்துவிடப்பட்ட தகட்டு வாஷர் ஆகியவற்றில் ஏதேனும் ஒளிந்திருக்கலாம். பெயின்ட்டைச் சுரண்டி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் இவை தென்படும். இடமரையா (வலப்பக்கம் திருப்பினால் கழல்வது) வழக்கமான வலமரையா (இடப்பக்கம் திருப்பினால் கழல்வது) என்பதையும் இந்தக் கட்டத்திலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரைகளைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். நட்டு இறங்கி வரவேண்டிய பாதை அதுதான். அங்கே துருவும் பெயின்ட்டும் இருந்தால், இளகிய நட்டும் பாதி வழியில் மீண்டும் சிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஸ்டெயின்லெஸ் கம்பி பிரஷையே பயன்படுத்த வேண்டும், ஏனெனில் சாதாரண இரும்புக் கம்பி விட்டுச்செல்லும் துகள்கள் சில நாளில் துருப்பிடித்துக் கறையாகும்.

முதல் படி: நீர், எண்ணெய், காத்திருப்பு

எண்ணெய்க்கு முன் நன்னீர். கொதிக்கும் நன்னீரை இணைப்பின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். உப்புப் படிகம் கரையும், காய்ந்த கிரீஸ் இளகும், உலோகமும் சற்று விரியும். சன்னல் கீல்கள், கப்பிகள், வின்ச்சுகள் பல இந்த ஒரு படியிலேயே விடுபட்டுவிடும். வெள்ளைப் பொடி உள்ள இடத்தில் சூடான வினிகரில் நனைத்த துணியைச் சில மணிநேரம் சுற்றி வைக்கலாம். பிறகு நன்னீரால் நன்றாகக் கழுவிவிட வேண்டும், ஏனெனில் அமிலம் தங்கினால் நல்ல அலுமினியத்தையும் அரிக்கும்.

ஈரம் உலர்ந்தபின் ஊடுருவும் எண்ணெய். எண்ணெயை அடித்த உடனே ஸ்பேனரைப் போடுவது எண்ணெயை வீணாக்குவதாகும். நுண்ணிய இடைவெளிகளில் அது தவழ்ந்து செல்ல நேரம் வேண்டும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என இரண்டு மூன்று நாள் விட்டு, ஒவ்வொரு முறையும் நட்டின் பக்கங்களில் சிறு சுத்தியால் பல இலேசான தட்டுகள் தட்டினால், துருப்படலத்தில் நுண்விரிசல்கள் விழுந்து எண்ணெய்க்கு வழி கிடைக்கும். போல்ட் கிடைமட்டமாகவோ செங்குத்தான சுவரிலோ இருந்தால் அதைச் சுற்றி ஜன்னல் புட்டியால் சிறு கிண்ணம்போல் கரை கட்டி எண்ணெயை நிறுத்தலாம். டபிள்யூடி-40-இன் மூலக் கலவை முதன்மையாக ஈரத்தை விரட்ட உருவாக்கப்பட்டது. அவசரத்துக்கு உதவும், ஆனால் இந்த வேலைக்கென்றே விற்கப்படும் ஊடுருவும் எண்ணெய் மேலானது. அசிட்டோனையும் தானியங்கி கியர் எண்ணெயையும் சரிபாதியாகக் கலந்து பயன்படுத்துவோரும் உண்டு. அக்கலவை நன்றாகவே ஊடுருவும், என்றாலும் எளிதில் தீப்பற்றும், பெயின்ட்டைக் கரைக்கும், அக்ரிலிக் சன்னலைப் பாழாக்கும். அதைத் தடவிய இடத்தின் அருகே சுடரே வரக் கூடாது.

எண்ணெய்க்கு ஒரு விலையும் உண்டு, பலர் இதை நினைப்பதில்லை. ஃபைபர் (கண்ணாடியிழை) தளத்தின் நடுவில் பல்சா மரமோ ஒட்டுப்பலகையோ இருக்குமானால், போல்ட் துளை வழியாகக் கசியும் எண்ணெய் அதில் ஊறிவிடும். பின்னர் அங்கே எப்பாக்சியோ சீலன்ட்டோ சரியாக ஒட்டாது. தளத்துப் போல்ட்டுகளுக்கு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக, அதுவும் கீழ்ப்பக்கத்து நட்டின் மரையில் மட்டும் இடுவது நல்லது.

இரண்டாம் படி: பொருத்தமான கருவியும் கையின் உணர்வும்

பன்னிரண்டு முனை சாக்கெட்டை விட ஆறு முனை சாக்கெட் சிறந்தது. அது நட்டின் தட்டையான பக்கங்களை அழுத்துகிறது. பன்னிரண்டு முனையுள்ளது மூலைகளைப் பற்றி அவற்றை மழுக்கிவிடும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனருக்கு இங்கே வேலையில்லை. திருப்புளியின் நுனி திருகின் பள்ளத்தை முழு அகலத்துக்கும் ஆழத்துக்கும் நிரப்ப வேண்டும். பிலிப்ஸ் தலையும் போஸிட்ரைவ் தலையும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் வேறு வேறு. போஸிட்ரைவ் தலையில் பெரிய கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய கோடுகள் தெரியும். மாற்றிப் போட்டால் பள்ளம் முதல் திருப்பிலேயே வழுக்கும். எஞ்சின் வால்வைத் தேய்க்கும் பசையைத் திருப்புளி நுனியில் ஒரு பொட்டு வைத்தால் அதிலுள்ள மணிகள் உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும். பம்பு மூடியின் பித்தளைத் திருகுகளுக்கு இது மிகவும் ஏற்ற உபாயம்.

திருகுகளுக்குச் சுத்தியால் அடித்துத் திருப்பும் கையடக்க இம்பாக்ட் டிரைவர் ஒன்றை வாங்கிவிடுங்கள். பழைய படகுக்காரரின் பெட்டியில் முதலில் இருக்க வேண்டிய சிறப்புக் கருவி அதுவே என்பது என் கருத்து. அடி விழும் அதே கணத்தில் நுனி பள்ளத்துக்குள் அழுந்தவும் செய்கிறது, சிறிது திரும்பவும் செய்கிறது. அந்த அதிர்ச்சியில் மரையின் பிடி விடுபடுகிறது. ஆனால் வார்ப்பு அலுமினியத்திலும் மெல்லிய ஃபைபரிலும் மறுபக்கத்தில் கனமான கட்டையை அண்டை கொடுக்காமல் அடிக்கக் கூடாது.

இப்போது திருப்பலாம். முதல் அசைவு கழற்றும் திசையில் அல்ல, இறுக்கும் திசையில், மிக இலேசாக. பிடிப்பு எத்திசையில் உடைந்தாலும் உடைந்ததுதான்; இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எண்ணெய் உள்ளே போகும். அதற்கு முன் போல்ட்டின் முனைக்கும் நட்டுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு நேர்க்கோடு போடுங்கள். ஸ்பேனர் நகரும்போது கோடு முறிந்து இரண்டானால் நட்டு திரும்புகிறது என்று பொருள். கோடு முறியாமல் இரண்டும் சேர்ந்து சாய்ந்தால், ஒன்று மறுபக்கத்தில் போல்ட் தலை சுழல்கிறது, அல்லது போல்ட்டின் உடலே முறுக்கேறுகிறது. கையும் இதைச் சொல்லும். விடுபடும் நட்டு ‘டக்’ என்றோ ‘க்ரீச்’ என்றோ ஒலியெழுப்பி நிற்கும் இடத்திலேயே நிற்கும். முறுக்கேறும் போல்ட் ஒலியின்றி ரப்பர்போல் நெகிழ்ந்து, கையை எடுத்ததும் பின்வாங்கும். அந்த நெகிழ்வை உணர்ந்தபின் மேலும் அழுத்துபவர் போல்ட்டை உடைக்கிறார்.

எவ்வளவு விசை அதிகம் என்பதற்கு ஓர் அளவு. ஏ4-70 தரத்து (கடல்நீரை நன்கு தாங்கும் வகை) எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) ஸ்டெயின்லெஸ் போல்ட் தாங்க வேண்டிய குறைந்தபட்ச முறிவு முறுக்குவிசை 13 நியூட்டன் மீட்டர். 25 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் கொடுத்தாலே ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். அதாவது சிறிய போல்ட்டை உடைக்க நீண்ட குழாயைக் கைப்பிடியில் மாட்ட வேண்டியதே இல்லை, சாதாரண ஸ்பேனரும் சாதாரணக் கையுமே போதும். எம்10-க்கு மேல்தான் நீளமான கைப்பிடிக்குத் தேவையே வருகிறது.

நட்டு அசைந்துவிட்டால் ஒரே மூச்சில் கழற்ற வேண்டாம். கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே, ஒரு துளி எண்ணெய், மீண்டும் கால் சுற்று. உடைந்த துருத்தூள் மரைகளில் உருண்டு சேராமல் ஒவ்வொரு முறையும் வெளியேற வேண்டும் என்பதே இதன் நோக்கம். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். மின்சார டிரைவரால் சுழற்றிவிடலாமே என்று தோன்றும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அந்த வேகமும் அதனால் எழும் சூடுமே உலோகம் ஒட்டிக்கொள்ளக் காரணமாகும்.

மூன்றாம் படி: வெப்பம்

வெப்பத்தை எங்கே கொடுப்பது என்பது உலோகங்களைப் பொறுத்தது. ஒரு டிகிரி செல்சியஸ் உயர்வுக்கு ஒரு மீட்டர் நீளமுள்ள அலுமினியம் ஏறத்தாழ 23 மைக்ரான் நீளும். வழக்கமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 16 மைக்ரான், சாதாரண எஃகு 12 மைக்ரான் அளவில் நீளும். எனவே அலுமினியப் பாய்மரத்தில் 10 மி.மீ. ஸ்டெயின்லெஸ் போல்ட் இருந்து, இரண்டும் 100 டிகிரி சூடேறினால், துளை போல்ட்டைவிட 0.007 மி.மீ. அதிகம் விரியும். எண்ணைப் பார்த்தால் அற்பம். ஆனால் கெட்டிப்பட்ட வெள்ளைப் பொடியை நொறுக்க அது போதுமானது. மாறாக, எஃகுத் தகட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட் இருந்தால், இரண்டையும் சேர்த்துச் சூடாக்குவது இறுக்கத்தைக் கூட்டவே செய்யும். அங்கே சூடாக்கி ஆறவிட்டு, ஆறிய பிறகு திருப்ப வேண்டும். நட்டும் போல்ட்டும் ஒரே உலோகம் என்றால் நட்டை மட்டும், அதையும் விரைவாக, போல்ட்டுக்குச் சூடு பரவுவதற்குள் சூடாக்க வேண்டும்.

வெப்பத் துப்பாக்கி பெரும்பாலான இடங்களுக்குப் போதும். எரிவாயு டார்ச் எஃகுக்கும் வெண்கலத்துக்கும் மட்டுமே, அதுவும் கழற்றி வெளியே கொண்டுவர முடிந்தால். அலுமினியம் சிவக்காது, உருகும் தறுவாயிலும் அது நிறம் மாறி எச்சரிக்காது. மேலும் பாய்மரத்துக்கான அலுமினியக் கலவைகள் வெப்பப் பதனத்தால் வலுவூட்டப்பட்டவை என்பதால், சுமார் 200 டிகிரியைத் தாண்டினால் அந்த வலு குறையத் தொடங்கும். ஒரு துளி நீரைத் தெளித்தால் ‘சுர்’ரென்று ஆவியாகும் நிலை வந்ததும் நிறுத்திவிடுவது பாதுகாப்பான கையளவு. ஃபைபரில் இன்னும் கவனம் வேண்டும். பல பாலியெஸ்டர், எப்பாக்சி பிசின்கள் 60 முதல் 100 டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்கும். ஃபைபரில் புதைந்த திருகுக்குச் சிறந்தது பெரிய நுனியுள்ள சால்டரிங் அயர்ன். அதைத் திருகின் தலையில் சில நிமிடம் ஊன்றினால் சூடு திருகின் தண்டு வழியாக இறங்கி, சுற்றியுள்ள சீலன்ட்டை மட்டும் இளக்கும்.

சூடாக இருக்கும் மரையில் மெழுகுவத்தியின் நுனியைத் தொட்டால், மெழுகு உருகி மரைக்குள் உறிஞ்சப்படும். ஆறும்போது அது உள்ளேயே நின்று வழுக்கலுக்கு உதவும். எண்ணெய் தடவி முடிந்த பாகத்தைச் சூடாக்குவதற்குமுன் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. ஒருமுறை சூடாக்கி முடியவில்லை என்றால் சூட்டைக் கூட்டாமல், முழுவதும் ஆறவிட்டு மறுபடி அதே அளவு சூடாக்குங்கள். விரிவும் சுருக்கமும் மாறிமாறி நடப்பதுதான் பிடிப்பை உடைக்கிறது.

பாலியூரித்தேன் பசையில் ஒட்டிய ஃபிட்டிங்குக்கும் மிதமான வெப்பமே தீர்வு. சூடாக்கி, மெல்லிய புட்டிக் கத்தியை ஓரத்தில் நுழைத்து, இளகிய பசையை வெட்டிக்கொண்டே சுற்றிவர வேண்டும். கடப்பாரையால் நெம்பினால் ஃபைபரின் மேற்பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரும்.

நான்காம் படி: வெட்டுதலும் துளைத்தலும்

நட்டைப் பலி கொடுப்பதாக முடிவு செய்திருந்தால் நட்டுப் பிளப்பான் அல்லது அறுக்கும் வாள். கிரைண்டரும் பயன்படும், ஆனால் அதன் தீப்பொறிகள் ஃபைபரின் மேற்பரப்பில் பதிந்து சில நாளில் துருப்புள்ளிகளாகும்; சுற்றுப்புறத்தை ஈரத்துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

தலை முறிந்து உள்ளே தங்கிய போல்ட்டுக்குத் துளைத்தல்தான் வழி. முறிந்த முகத்தை அரத்தால் சமன் செய்து, மிகச் சரியாக நடுவில் சென்டர் பஞ்சால் குறியிடுங்கள். இந்தக் குறிக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் தகும். குறி விலகினால் துளைப்பான் கடினமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை விட்டுவிட்டு மென்மையான அலுமினியத்துக்குள் சரிந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் துளைக்கக் கோபால்ட் கலந்த பிட், குறைந்த வேகம், உறுதியான அழுத்தம், தொடர்ந்து வெட்டு எண்ணெய் ஆகியவை வேண்டும். பிட் வெட்டாமல் தேய்ந்துகொண்டே சுழன்றால் உலோகத்தின் மேற்பரப்பு இறுகிக் கடினமாகி, பிறகு எந்தப் பிட்டும் ஏறாது. சுருள் சுருளாகச் சீவல் வந்தால் சரியாகப் போகிறது. தூளும் கீச்சொலியும் வந்தால் நிறுத்திவிட்டுப் பிட்டைக் கூர்செய்யுங்கள். இடப்பக்கம் சுழலும் பிட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். துளைத்துக்கொண்டிருக்கும்போதே சில போல்ட்டுகள் தாமாகக் கழன்று வந்துவிடும்.

துளையில் நுழைத்துத் திருப்பும் எக்ஸ்ட்ராக்டர் எனும் கருவியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. முழுப் போல்ட்டும் ஸ்பேனருக்கு மசியாமல் முறிந்த இடத்தில், அதைவிட மெல்லிய, நொறுங்கும் தன்மையுள்ள ஒரு கருவி என்ன செய்துவிடும்? அது உள்ளே உடைந்தால், சாதாரணப் பிட்டால் துளைக்கவே முடியாத கடின எஃகு போல்ட்டின் நடுவில் நின்றுவிடும். பிட்டின் அளவைப் படிப்படியாகக் கூட்டி, பழைய மரையின் அடியளவு வரை துளைத்து, எஞ்சிய மெல்லிய சுருளைக் கொக்கியால் பிடுங்கி, மரை வெட்டும் கருவியான டாப்பால் மரையைச் சுத்தம் செய்வது நிதானமான வழி. எம்6-க்கு 5 மி.மீ., எம்8-க்கு 6.8 மி.மீ., எம்10-க்கு 8.5 மி.மீ. என்பவை அந்த அடியளவுகள். மரை கெட்டுவிட்டால் கம்பிச்சுருள் மரை உறையைப் பொருத்தலாம், அல்லது ஒரு அளவு பெரிய மரை வெட்டலாம்.

சில இடங்களுக்கான தனிக் குறிப்புகள்

கூம்பு வடிவ அடைப்புள்ள பழைய வெண்கலக் கடல்நீர் வால்வு கைப்பிடியை நெம்பித் திறக்க வேண்டியதன்று. படகு கரையில் இருக்கும்போது, கூம்பை அழுத்திப் பிடித்திருக்கும் தகட்டின் நட்டுகளைத் தளர்த்தி, வால்வின் வெளி உடலின் மேல் கொதிநீர் ஊற்றி, கூம்பின் குறுகிய முனையில் மரக்கட்டை வைத்து இலேசாகத் தட்டினால் கூம்பு எழும்பும். வால்வு தேய்க்கும் பசையால் கூம்பை அதன் இருக்கையில் தேய்த்து, பசையைத் துளிகூட மிஞ்சாமல் கழுவி, நீர்புகாக் கிரீஸ் இட்டு மீண்டும் பொருத்தலாம். உருண்டை அடைப்புள்ள வால்வு இறுகியிருந்தால் முன்னும் பின்னும் இலேசாக அசைத்துப் பாருங்கள். இளஞ்சிவப்புத் தெரிந்தாலோ தண்டு நெகிழ்ந்தாலோ புதியது பொருத்துவதே அறிவுடைமை.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிவடங்களின் டர்ன்பக்கிளை (வடத்தின் இழுவிசையைக் கூட்டிக் குறைக்கும் திருகு இணைப்பை) தொடுவதற்கு முன், பாயேற்றும் கயிறுகளை அதே பக்கத்துத் தளத்தில் உறுதியான இடத்தில் கட்டிப் பாய்மரத்துக்கு ஆதாரம் கொடுக்க வேண்டும். டர்ன்பக்கிளின் ஒரு முனை வலமரை, மறுமுனை இடமரை. நடு உடலைச் சுழற்றினால் இரண்டும் ஒருசேர வெளியே வர வேண்டும். அப்போது கம்பிவடத்தின் முனையைத் தனி ஸ்பேனரால் அசையாமல் பிடிக்காவிட்டால், முறுக்கு முழுவதும் வடத்துக்குப் போய் அதன் இழைகள் பிரிந்துவிடும். தெரியும் மரைகளின் எண்ணிக்கையை முன்னதாகக் குறித்துக்கொண்டால் மீண்டும் அதே இழுவிசைக்குக் கொண்டுவருவது எளிது.

புரொப்பெல்லர் கூம்புத் தண்டில் அழுந்தி அமர்ந்திருக்கிறது. அதை எடுக்க இழுவான் கருவி வேண்டும். நட்டை முழுவதும் கழற்றாமல் சில மரைகளில் விட்டுவையுங்கள்; பிடிப்பு விடும்போது பாரமான புரொப்பெல்லர் துள்ளி வெளியே பாயும். இழுவானை நன்றாக இறுக்கி, நடுக்குடத்தைக் கொதிநீராலோ வெப்பத் துப்பாக்கியாலோ சூடாக்கி, இழுவானின் திருகுத் தலையில் ஒரு அடி அடித்தால் போதும். தண்டின் முனையில் நேரடியாகச் சுத்தியால் அடித்தால் அந்த அடி கியர்பெட்டியின் தாங்கிகளுக்குப் போய்ச் சேரும். தண்டின் ரப்பர் தாங்கிக்கு அருகே சுடரைக் கொண்டுபோகவும் கூடாது.

வின்ச்சுக்கு மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷுமே பெரும்பாலும் போதும். உருளையைத் தூக்கும்போது உள்ளிருக்கும் சிறு ஸ்பிரிங்குகள் தெறித்து நீரில் விழும் என்பதால், அடிப்பக்கம் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்றை முதலில் வின்ச்சைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் பொருத்தும்போது

ஒவ்வொரு மரையையும் பிரஷால் தேய்த்து, நட்டைக் கையாலேயே முழு நீளமும் ஓட்டிப் பார்த்தபின் பொருத்துங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அலுமினியத்தைத் தொடும் இடங்களுக்கு, இரு உலோகங்களையும் பிரித்து வைக்கும் பசை வேண்டும். பேரியம் குரோமேட் கலந்த மஞ்சள் பசை பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அது நச்சுத்தன்மை உடையது என்பதால் கையுறை அணிந்தே தொட வேண்டும். டெஃப்-ஜெல் போன்ற டெஃப்லான் கலந்த பசைகளும், கம்பளிக் கொழுப்பான லேனோலின் கிரீஸும் நல்லவை. செம்பு அல்லது கிராஃபைட் கலந்த இறுகுதடுப்புக் கிரீஸை அலுமினியத்தில் தடவக் கூடாது. அவையே அரிப்பைத் தூண்டும். ஃபிட்டிங்குக்கும் பாய்மரத்துக்கும் இடையே நைலான் தகடும், போல்ட் தலைக்கு அடியில் நைலான் வாஷரும் வைத்தால் மேலும் நன்று.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நட்டும் போல்ட்டும் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஏ4 தரத்துப் போல்ட்டுக்கு ஏ2 தரத்து (உப்பை அவ்வளவாகத் தாங்காத சாதாரண ஸ்டெயின்லெஸ்) நட்டைச் சிலர் பயன்படுத்துவார்கள். தளத்துக்கு மேலே அது சரி, நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டும் ஏ4 ஆகவே இருக்கட்டும், பசையை மட்டும் மறவாதீர்கள். மரையில் பசையோ கிரீஸோ இட்டால் உராய்வு குறைந்து, அதே முறுக்குவிசையில் போல்ட் அதிகம் இழுபடும். ஆகவே உலர்ந்த மரைக்குச் சொல்லப்பட்ட அளவைவிடச் சற்றுக் குறைவாகவே இறுக்க வேண்டும். கடல்நீர் வால்வுகளை மாதம் ஒருமுறை திறந்து மூடுவதும், டர்ன்பக்கிள்களை ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு சுற்றுத் தளர்த்திப் பசை இட்டு மீண்டும் இறுக்குவதும் பராமரிப்பு அட்டவணையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்த மரைக்கு எந்தப் பசை, எந்தத் தேதியில் இட்டது என்பதையும் அதன் எதிரே குறித்துவிடுங்கள்.